எரிப்பில் குறைந்த எடை

களுதாவளையிலிருந்து பன்னிரண்டு பைகள் வந்திருக்கின்றன.
ஒவ்வொன்றிலும் ஒரு கை மண்.
பந்தல் ஒன்று, வரிசை மூன்று, ஒரு சாண் ஆழம் என்று
கோணாமலை தன் கையால் எழுதியிருக்கிறார்,
ஆசுபத்திரித் துண்டுகளின் பின்பக்கத்தில்.

அந்த மண்ணை எனக்குத் தெரியும்.
கடல் விட்டுப்போன மணல்.
காலையில் ஊற்றிய தண்ணீரை மத்தியானம் விசாரித்தால்
எந்தத் தண்ணீர் என்று கேட்கும்.
எருவும் அப்படித்தான். ஒரு மாரி போதும்,
கரைந்து கிணற்றுக்குள் இறங்கிவிடும்.
அதில்தான் முந்திரிகை நட்டார்.
சுற்றிவர வெற்றிலைக்காரர் சிரித்தபோது
ரெண்டும் கொடிதானே என்றாராம்.

உமி சம்மாந்துறையிலிருந்து வருகிறது,
இஸ்ஸதீனின் ஆலைக்குப் பின்னால்
மழையில் நனைந்தும் மக்காத குவியலிலிருந்து.
மெசின் பெட்டியில் ஏற்றும்போது
இருவரும் மழையைப் பேசுவார்கள், டீசலை,
கல்முனையில் கிண்டிப்போட்ட றோட்டை.
அந்த ஆலை ஒருமுறை எரிந்தது.
கோணாமலையின் வீடும் அதே மாதம்.
அதைப் பேசுவதில்லை.
உமிக்கு என்னத்துக்குக் காசு என்பார் ஒருவர்.
கூலிக்காவது பிடியுங்க என்பார் மற்றவர்.
காசு பெட்டியின் விளிம்பில் கிடக்கும்,
காற்று எடுக்காமல் மேலே ஒரு கல்.

கிணற்றடியில் தகரப் பீப்பா.
உமியைப் பற்றவைக்க யாராலும் முடியும்,
நிறுத்துவதுதான் வேலை.
சிவப்பு உச்சிவரை ஏறவேண்டும்,
வெள்ளை தலைகாட்டக் கூடாது.
அந்த இடைவெளிக்குள் தண்ணீர்.
பிந்தினால் எல்லாம் வானத்துக்கு.
முந்தினால் வெறும் உமி.
சரியாக வாய்த்த நாளில்
உமி உமியின் வடிவத்திலேயே கறுத்து மிஞ்சும்.
அதோடு சாணம், இறால் கோது,
வாவியில் அள்ளிய ஆற்றுவாழை.
ஆறு கிழமை மூடிக் கிடக்கும்.
மறுகா வேரடிக்கு.
மூன்று வருடம் இப்படி.

வந்தாறுமூலையில் என் வேலை இதற்கு நேர்மாறு.
மண் எதை வைத்திருக்கிறது என்று அறிய
மண்ணை எரிக்கவேண்டும்.
இந்த அறையில் வேறு கருவி இல்லை.
பீங்கான் கிண்ணத்தில் ஐந்து கிராம்,
ஐந்நூற்றைம்பது பாகை, நாலு மணித்தியாலம்.
முன்னே ஒரு நிறை, பின்னே ஒரு நிறை.
காணாமல் போனதுதான் விடை.

நடுவில் கரண்ட் போய் வந்தது. பிறகும் காத்திருந்தேன்.
இருண்டு உள்ளே போன மண்
வெளுத்து, பழைய கடற்கரையாய் வெளியே வந்தது.
அவர் பாதியில் அணைத்த நெருப்பை
நான் எரித்து முடித்திருந்தேன்.

ஃபோனில் சொன்னேன்:
முதல் வருடம் ஆயிரத்துக்கு நாலு, இப்போது பதினொன்று.
"அது கூடவா, கொறயவா?"
கூட.
"எவ்வளவு காலம் நிக்கும் புள்ள?"
சாணம் போய்விடும். கரி உங்களுக்குப் பிறகும் நிற்கும்.
அந்தப் பக்கம் கிணற்று மோட்டர் மட்டும் ஓடியது.
"அப்ப இஸ்ஸதீன்ட உமி
நான் போனாலும் என்ட வளவுக்குள்ள கிடக்கும்."
ஓம்.
"அவருக்கிட்ட சொல்லத்தான் வேணும்."
சொல்வாரா, தெரியாது.

கொழும்பிலிருந்து ஒருவர் வந்து
மண்ணுக்குள் வைத்த புகைக்குக் காசு உண்டென்று
பந்தலைப் படம் பிடித்துப் போனார்.
காசு இன்னும் வரவில்லை.
இந்தமுறை பழம் புளிப்பு, பிந்திய மழை.
பாதியை வௌவால் பார்த்துக்கொண்டது.

பன்னிரண்டு ஐந்து அறுபது.
உங்கள் மண்ணில் அறுபது கிராமை எரித்துவிட்டேன் என்றேன்.
சிரித்தார். மறுமொழி இல்லை.

கிண்ணங்களை வாளிக்குள் தட்ட மனம் வரவில்லை.
வெளியே வேம்படியில் கொட்டிவிட்டு
குழாயைத் திறந்தேன்.
தண்ணீர் அதில் ஒரு கணமும் தங்கவில்லை.